படித்தேன் என்று போட்ட கையெழுத்து

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இல்லாவிட்டாலும் இதை முழுக்கப் படித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள். அக்காவின் குழந்தைக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது, என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மற்றபடி வீட்டில் ஒரு குறையும் இல்லை. கோபம்தான் இருக்கிறது.

மருந்தாளுநர் தேர்வில் நீ இரண்டாவது தடவையும் தவறியதைவிட, அதற்கு நீ எழுதிய காரணம்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகம் சலிப்பாக இருக்கிறதாம், எத்தனை தடவை படித்தாலும் மனசில் நிற்கவில்லையாம். சலிப்பைப் பற்றி நான் சொல்கிறேன், கேள். எங்கள் மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் படுக்கைவிரிப்பு தேய்க்கும் பெரிய உருளை இயந்திரம் ஒன்று புதிதாக வந்தது, கூடவே நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒரு குறிப்புப் புத்தகம். எல்லோரும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்றார் மேற்பார்வையாளர். நானும் டீ குடித்துக்கொண்டே கண்ணை ஓட்டினேன், கடைசிப் பக்கம் வந்தபோது முதல் பக்கத்தில் என்ன இருந்தது என்றே தெரியவில்லை. ஆனாலும் படித்தேன் என்று கையெழுத்துப் போட்டேன்.

போன மாதம், என்னோடு வேலை செய்கிற, நாங்கள் நெட்டை என்று கூப்பிடுகிற பெண்ணின் கை அந்த உருளைக்குள் போய்விட்டது. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன், உருளை நின்றது, ஆனால் கையை விடவில்லை. கொதிக்கிற இரும்பு அது. அவள் கத்தக்கூட இல்லை. "அக்கா, நீங்க படிச்சீங்களே, எதைத் திருப்பணும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மேற்பார்வையாளர் ஓடிவந்து பக்கவாட்டுக் கைப்பிடியைத் திருப்பி உருளையைத் தூக்கும்வரை மரம் மாதிரி நின்றேன். அவளுக்கு இரண்டு விரல் போய்விட்டது. அந்தக் கைப்பிடி பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது, படத்தோடு. அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகுதான் இந்த வயதில் படிக்கக் கற்றுக்கொண்டேன். நிறுத்தி வைத்த இயந்திரத்தின் முன்னால் நின்று நாலு வரி படிப்பேன், புத்தகத்தை மூடுவேன், அந்தப் பாகத்தைத் தொட்டு இது எதற்கு, இது இல்லாவிட்டால் யாருக்கு என்ன ஆகும் என்று வாய்விட்டுச் சொல்வேன். வீட்டுக்கு வந்து வெங்காயம் உரிக்கிற அப்பாவிடம் ஒப்பிப்பேன், அவர் அது ஏன் இது ஏன் என்று நச்சரிப்பார், எங்கே திணறுகிறேனோ அதை மட்டும் மறுபடி படிப்பேன். மறுநாள் புத்தகத்தைத் திறக்கும் முன்பே நேற்றையதைச் சொல்லிப் பார்ப்பேன். நீ வரிக்கு வரி மஞ்சள் மை பூசி வைத்திருக்கிறாயே, அதற்குப் பேர் படிப்பா, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாயா? ஒவ்வொரு மருந்துக்கும் அதை விழுங்கப்போகிற ஒரு ஆளை நினைத்துக்கொள். எதோடு எதைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்ற வரி உனக்குத்தான் சலிப்பு, அவருக்கு இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கையால் மருந்து வாங்குகிறவர்களும் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் மூன்றாம் பாடத்தைப் பார்க்காமல் சொல். தெருமுனை மருந்துக்கடைக்காரரிடம் நீ படிக்கிற அதே புத்தகத்தை இரவல் வாங்கிவிட்டேன், கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பேன்.

உன்மேல் கோபத்தோடும், அதைவிட என்மேல் கோபத்தோடும்,
அம்மா