சம்போர் வேண்டாம்

ஆகஸ்ட் 12, 1957, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கொட்டகை முழுக்கச் சேறு. இவர் பால் பாத்திரங்களைச் சைக்கிளில் கட்டும்போது, நாளை கிளினிக் என்று ஞாபகப்படுத்தினேன். தலையை மட்டும் ஆட்டினார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். நான் வேண்டாத தெய்வமில்லை. போன மாதம்தான் தெரிந்தது, குறை என்னிடம் இல்லையாம். சின்ன வயதில் இவருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்ததன் பலன். மலடி மலடி என்ற நாத்தனாரிடம் சொல்லிக்காட்ட நாக்கு துடிக்கிறது. சொல்ல மாட்டேன், இவர் முகத்துக்காக.

வாங்க: புண்ணாக்கு, மண்ணெண்ணெய், துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்குத் தேங்காய்.

13, செவ்வாய்

கிளினிக்கிலிருந்து இப்போதுதான் வந்தோம். வழி இருக்கிறதாம்! சிங்கப்பூரில் ஒரு டாக்டர். முகம் தெரியாத ஆணின் விந்துவை ஊசிக்குழாயால் உள்ளே வைப்பாராம். வயிறு என்னுடையது!

இங்கே கிளினிக் டாக்டரம்மா சீனத்தி, எங்கள் பால் வாடிக்கை. மலாயில் பேசிக்கொண்டே வந்தவர், "சம்போர்" என்றார். கலப்பது. இவர் எழுந்தே விட்டார். பாலில் தண்ணீர் கலப்பதாகச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார் மனிதர். இன்ஸ்பெக்டர் வழிமறித்துச் சோதித்தும் ஒருநாளும் மாட்டாதவராயிற்றே.

நர்ஸ் மிஸி சிரிப்பை அடக்கிக்கொண்டு தமிழில் விளக்கினாள். இவருடையதையும் அந்த ஆளுடையதையும் கலந்து வைப்பதும் உண்டாம். பிறகு இவர் பிள்ளைதான் என்று நம்பிக்கொள்ளலாமாம். இவர் உட்கார்ந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று நான் கேட்டதற்கு, செய் என்றும் இல்லை, செய்யாதே என்றும் இல்லை என்றார் டா.அம்மா. பாலுக்கு இன்ஸ்பெக்டர் உண்டு, இதற்கு ஒருவரும் இல்லை. பயமாகவும் இருக்கிறது, குதிக்கவும் தோன்றுகிறது.

15, வியாழன்

வெயில். காஜா பெராங் ரோட்டில் மெர்டேக்காவுக்கு இப்போதே தோரணம். எனக்குச் சுதந்திரம் எங்கே மண்டையில் ஏறுகிறது. பெண் என்றால் மீனாட்சி. பையன் என்றால்?

மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு இவர் சொன்னார்:

"சம்போர் வேணாம் பாக்கியம். அடுத்தவனோடதுன்னா அடுத்தவனோடதாவே இருக்கட்டும். எனக்கு நானே எதுக்குப் பொய் சொல்லிக்கணும்?"

சரி என்கிறாரா, மாட்டேன் என்கிறாரா? சரி என்கிறார்! குழம்பு அடிபிடித்துவிட்டது. பிடிக்கட்டும்.

17, சனி

மறுபடி கிளினிக். கலக்க வேண்டாம் என்றதும் டா.அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவரைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் கண்டிப்பாகவே கேட்டார்: பிறப்புப் பதிவில் தகப்பன் என்று யார் பெயர்? தெரிந்தே உங்கள் பெயரைக் கொடுத்தால் அது பொய்யில்லையா?

மிஸி சொல்லி முடிப்பதற்குள், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிறதே என்று நினைத்தேன். இவர் அவசரப்படவில்லை.

"எம் பேருதான் குடுப்பேன். அது பொய்யா நெசமான்னு புள்ள வளந்து சொல்லட்டும்."

புள்ள என்றார். ஒன்பது வருஷத்தில் இவர் வாயில் அந்தச் சொல் இன்றுதான். அங்கேயே அழுதுவிட்டேன், மிஸி முன்னால், டா.அம்மா முன்னால். வெட்கமே இல்லை.

சி.பூர் பஸ் காலையில் எப்போது, கேட்க வேண்டும்.