எட்டுப் பாட்டு நேரம்

ஒக்சோன்
ஜனவரி 10, 2007

அன்பு மகள் மிரானுக்கு அம்மா எழுதுவது. நான் எழுந்து நடமாடுகிறேன், சோறு இறங்குகிறது, முழங்கால் வலி போன வருஷம் இருந்த அளவிலேயே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவன் ஜுன்னும் அந்தக் கனடாக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. வாராவாரம் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடுதாசி என்று பயந்துவிடாதே, போனில் உன் குரலைக் கேட்டால் என் வாயில் பொய்தான் வருகிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அப்பாவின் நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. நீ அனுப்பிய பணத்தில் பழமும் அரிசிக் கேக்கும் குறைவில்லாமல் வைத்தேன், பக்கத்து வீட்டு டோக்சுன் அக்கா விடியற்காலையே வந்து முள்ளங்கி சூப்புக்கு நறுக்கிக் கொடுத்தாள். நெடுஞ்சாலை சாப்பாட்டுக் கடைப் பெண்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். நம் கேசட் கடை இருந்த இடத்தில் இப்போது போனுக்கு உறையும் வயரும் விற்கிறார்களாம், முன்னே மாதிரி பாட்டுச் சத்தம் இல்லாமல் அந்த இடமே ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றார்கள். லாரிக்காரர்கள் நின்று சூப்பு குடித்துவிட்டு ரெண்டு ரெண்டு கேசட்டாக வாங்கிப் போன காலம் உனக்கும் தெரியும், அந்த வருமானத்தில்தானே நீ காலேஜ் முடித்தாய். கடைசி ரெண்டு வருஷம் வந்தவர்கள் எல்லாரும் காதில் வெள்ளை வயரோடு வந்தார்கள், நம் ஒலிபெருக்கி என்னதான் கத்தினாலும் ஒருத்தரும் திரும்பவில்லை. ஒரு பெண் வந்து, மூணாவது பாட்டு மட்டும் விலைக்குக் கிடைக்குமா, வீட்டில் கம்ப்யூட்டரில் அப்படித்தான் ஒவ்வொன்றாக வாங்குவேன் என்றாள். அப்பா அவளிடம் சிரித்துக்கொண்டே, மீன்காரியிடம் போய் வாலை மட்டும் கேளேன், குடுப்பாளா பார்ப்போம் என்றார். அவள் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வேண்டாத எட்டுப் பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் அதிலே ஒண்ணு நமக்கு வேண்டியதாகும், இவங்களுக்கு அந்தப் பொறுமை எங்கே இருக்கு என்று இரவுச் சாப்பாடு வரைக்கும் புலம்பினார்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னே நீ எனக்கு அந்த எம்பித்ரீ பெட்டியை அனுப்பினாயே, உள்ளங்கையில் அடங்குகிற அந்தக் குட்டிச் சாமான், அதற்குள் எனக்குப் பிடித்த அறுபது பாட்டை நீயே தேடி ஏற்றியிருந்தாய். மிரான், இதை நான் மறைக்கப் போவதில்லை, அதைக் காதில் மாட்டிய அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. இருபத்தெட்டு வருஷம் அந்த ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றவள் நான், எதைப் போட்டால் வியாபாரம் ஆகுமோ அதைத்தான் கேட்டேன், வீட்டுக்கு வந்தால் உன் அப்பா போடுவதைக் கேட்டேன். அந்த மனுஷனுக்குத் துள்ளுகிற பாட்டுத்தான் பாட்டு, எனக்கோ மெதுவாகப் போக வேண்டும். எனக்கென்று ஒரு பாட்டு, எனக்கு மட்டும் கேட்கிற பாட்டு, அறுபது வயதுக்கு மேல்தான் கிடைத்தது. உன் அப்பா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், பிறகு டோக்சுன் அக்காவிடம், "மக அவளுக்குத் தனிக்குடித்தனம் வச்சுக் குடுத்துட்டா, நான் இந்த வீட்ல வாடகைக்கு இருக்கேன்" என்று சொல்லிச் சிரிக்கவைத்தார். நானும் சிரித்தேன், காதிலிருந்து மட்டும் கழற்றவில்லை.

நம் கடை வழக்கம் ஒன்று உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பின்னால் அட்டைப் பெட்டி பிரிக்கிற ஆளுக்குக் கேட்காது, அதனால் ஒருத்தரை ஒருத்தர் வாயால் கூப்பிட்டதே இல்லை. பாட்டுச் சத்தத்தை ரெண்டு தடவை இறக்கி ஏற்றினால் வா என்று அர்த்தம். வீட்டிலும் அதுவே பழகிவிட்டது, டீ வேண்டுமென்றாலும் கண்ணாடி காணோமென்றாலும் டேப்பின் திருகைத்தான் திருகுவார், நான் அடுப்படியிலிருந்து போவேன். பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியாத புருஷன் என்று நீயே எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாய்.

இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து படி. அன்றைக்குக் குளிர்கால கிம்ச்சி ஊறுகாய்க்காக நாற்பது முட்டைக்கோஸ் வாங்கி, பின்பக்கம் குழாயடியில் உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். காதில் உன் பெட்டி, முதல் பாட்டிலிருந்து வைத்திருந்தேன். உள்ளே அப்பா டேப் போட்டிருந்தார். கை விறைத்துப்போய் நான் எழுந்து உள்ளே வரும்போது என் காதில் எட்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் தரையில் கிடந்தார், வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, வலது கை டேப்பின் மேலே இருந்தது, பாட்டு பலமாகப் பாடிக்கொண்டிருந்தது. பாட்டை நிறுத்தப் போய் விழுந்திருக்கிறார், இப்போதுதான் விழுந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் ஆச்சு என்று டாக்டர் கேட்டபோதும் இப்போதுதான் என்றேன். மறுநாள் மத்தியானம் போய்விட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. அடக்கத்துக்கு நீ பறந்து வந்தபோது உன்னிடம், நான் பக்கத்திலேயே இருந்தேன், பாட்டுக் கேட்டுக்கொண்டே சாய்ந்தார் என்று சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்துல நீ பக்கத்துல இருந்தியேம்மா, எனக்கு அது போதும்" என்றாய். அந்த வார்த்தைக்குப் பிறகு எப்படி மாற்றிச் சொல்வேன்.

கோயிலிலிருந்து திரும்பி வரும்போது டோக்சுன் அக்கா சும்மா பேச்சோடு பேச்சாக அந்த டேப்பை என்ன செய்தாய் என்று கேட்டாள். அலமாரியில் இருக்கிறது என்றேன். "அதை ரிப்பேருக்குக் குடு. அன்னைக்கே கெட்டுப்போச்சு. சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுதே, சத்தம் ரெண்டு தரம் எறங்கி எறங்கி ஏறுது, கொஞ்ச நேரம் சும்மா இருக்கு, மறுபடி ரெண்டு தரம். பாவம், மிஷின் போயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றாள். எவ்வளவு நேரம் அக்கா என்றேன். பூண்டு ஒரு கிண்ணம் உரிக்கிற நேரம் இருக்கும் என்றாள். நான் ரோட்டு ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு நம் வழக்கம் தெரியாது, அவள் மேல் குற்றம் இல்லை.

அவர் கூப்பிட்டிருக்கிறார் மிரான். வாய் இழுத்துக்கொண்ட பிறகும் கை வேலை செய்திருக்கிறது, அந்தக் கையால் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், பத்தடி தூரத்தில் நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகவும் இருந்தது அந்தப் பாட்டு, குளிரில் கூடவே வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் வெறுக்க முடியவில்லை, அதுதான் என்னை அரிக்கிறது. நான் வராமல் போனதற்குக் கோபப்பட்டிருப்பாரா, வேண்டுமென்றே வரவில்லை என்று நினைத்திருப்பாரா, இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்.

இதை உன்னிடம் சொல்லாமலே செத்துப்போகலாம் என்று மூன்று நாள் நினைத்தேன். ஆனால் நீ போனில், ஆயிரம் பாட்டு பிடிக்கிற புதுப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன், தனியாக இருக்கிற உனக்குத் துணையாக இருக்கும்மா என்று சொன்னாயே, அதை அனுப்பாதே என்றால் ஏன் என்று கேட்பாய். அனுப்பாதே கண்ணே. நீ வாங்கிக் கொடுத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று மட்டும் நினைத்துவிடாதே, நீ ஆசையாகக் கொடுத்தாய், காதில் மாட்டியவள் நான். அந்தப் பாரத்தை நீயும் தூக்கினால் எனக்கு இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள். கோபம் வந்தால் என் மேல் கோபப்படு, அதை நான் தாங்கிக்கொள்வேன்.

ஜுன்னுக்குக் கம்பளிக் காலுறை ரெண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், பெரிதாக இருந்தால் அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள். மாப்பிள்ளையோடு சண்டை போடாதே, போட்டாலும் சாப்பிட்டுவிட்டுப் போடு. நீ நீண்ட ஆயுளோடு, நோய்நொடி இல்லாமல், பிள்ளையின் பிள்ளையைப் பார்த்து வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குப் போன் செய். பேச முடியவில்லை என்றாலும் பரவாயில்லை, மணியை மட்டும் அடிக்க விடு, முதல் மணியிலேயே எடுப்பேன்.

உன் அம்மா
போங்இம்