இடது பொத்தான்

மார்ச் 4, செவ்வாய்

அச்சகத்தின் வெட்டு இயந்திரத்துக்கு இன்று முத்திரை வைத்துவிட்டார்கள். உத்தரவிட்டவர் தொழிற்பாதுகாப்பு ஆய்வாளர். நோட்டீஸை நானும் படித்தேன். மற்றதில் குறையில்லை. மை துடைத்த துணிக்கு மூடி போட்ட தொட்டி, கழிவுக் கரைப்பானுக்குத் தனி டிரம், நெடி வெளியேற விசிறி எல்லாம் பார்த்துத் தலையாட்டினார். வெட்டு இயந்திரத்தருகே நின்றுவிட்டார். பழைய இயந்திரம். ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு பொத்தான்கள்; இரண்டு கையாலும் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கை அடியில் மாட்டக் கூடாதென்று விதி. இடது பொத்தான் அழுந்தியபடியே இருக்க டேப் ஒட்டியிருந்தது.

"நான்தான் ஒட்டினேன்" என்றாள் முதலாளி. அதாவது, என் மனைவி.

மார்ச் 5

திட்டிவிட்டேன். நிருபராக ஊரார் விபத்தையெல்லாம் எழுதியவன், வீட்டு விபத்தையும் எழுதணுமா என்று. ஏன் ஒட்டினாய், எப்போதிருந்து, யாருக்குத் தெரியும்?

"இது வீடுங்க. பிரஸ் மீட் இல்ல." திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 6

ஒன்று இடிக்கிறது. அவசரத்துக்கு ஒட்டியிருந்தால் வலது பொத்தானையல்லவா ஒட்டியிருப்பாள்? தாளைத் தட்டிச் சேர்ப்பது வலது கை; அதுதானே ஓய்வாக இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு இடதை ஏன்?

மார்ச் 7

இன்று கேள்வி கேட்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரப் போர்வையை ஒற்றைக் கையால் கொடியில் வீசினாள். இடது கை இடுப்போடு ஒட்டியே இருந்தது. போய் மறுமுனையைப் பிடித்தேன்.

"எத்தனை நாளா?"

"ஐப்பசி மழை ஆரம்பிச்சதுலேர்ந்து. பொத்தான் வரைக்கும் நீட்ட வரல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பிரஸ்ஸை மூடுன்னுவீங்க."

சொல்லியிருப்பேன். அவளுக்கு என்னைத் தெரியாதா?

மார்ச் 10

தோள்மூட்டு இறுகியிருக்கிறதாம். பயிற்சியில் சரியாகும், நாளாகும் என்கிறார் டாக்டர். என்ன வேலை என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அச்சகம் நடத்துறாங்க" என்றேன். "இனியும் நடத்துவாங்க."

ஆட்டோவில் ஏறியதும் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

மார்ச் 14

டேப்பைப் பிய்த்தாயிற்று. முத்திரையை எடுத்ததும் வெட்டு வேலை இனி மெஷின்மேனுக்கு. "அக்கா, கத்தியை நான் பாத்துக்கிறேன். நீங்க வழக்கம்போல குறை மட்டும் சொல்லுங்க" என்றாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மார்ச் 23, ஞாயிறு

சுவரில் விரல்களை மெல்ல மெல்ல ஏற்றுகிறாள். இன்று நெற்றி உயரம்.

"என்னங்க, முழங்கையைக் கொஞ்சம் தாங்குங்களேன்."

அவளாகக் கேட்டாள். தாங்கினேன்.

இயந்திரத்துக்கு மறு ஆய்வு வியாழக்கிழமை. அவள் மறுபடி இயந்திரத்தில் நிற்கலாமா என்பதை டாக்டர் ஜூனில் சொல்வார்.