பிடி சுடாது என்றேன்

16-10-2024, புதன்

மழை. ஆபீஸ் இல்லை. கம்பெனி வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கிறதாம், வாட்ஸப்பில் படம் போட்டிருக்கிறார்கள். எனக்கென்ன, நேற்றே என் பிள்ளையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மோல்டிலிருந்து வெளிவந்த முதல் சால்டரிங் அயர்ன், ஈயத்தை உருக்கி ஒயர் பற்றவைக்கிற கருவி. நான் வரைந்தது.

எங்கள் பழைய மாடல் குண்டுக் கத்தரிக்காய் மாதிரி இருக்கும். சூடாகும் குழாய் வந்து பிடியில் சேருகிற இடத்தை நாங்கள் கழுத்து என்போம். அந்தக் கழுத்தைச் சுற்றி ஓட்டை ஓட்டையாக இருக்கும், அதற்குக் கீழே விரல் முன்னால் வழுக்காமல் இருக்க ஒரு தடித்த வளையம். பார்க்கவே அசிங்கம். மீட்டிங்கில் நான்தான் சண்டை போட்டு இரண்டையும் எடுக்க வைத்தேன். இப்போது ஒல்லியாக, வழவழவென்று, பேனா போல இருக்கிறது. முனைக்குப் பக்கத்திலேயே பிடிக்கலாம், கை நடுங்காது.

பிரிட்டோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எழுத வருமா?" என்று கேட்டான். புருஷனுக்குப் பொறாமை. போகட்டும்.

20-10-2024, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. எல்லாரும் அவரவர் உழைப்பின் முதற்பலனைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைத்தார்கள். ஆராதனை முடிந்து வழக்கம் போல ஏலம். நான் அயர்னைத் தங்கத்தாள் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். ஒரு கொழுத்த சேவலுக்கும் ஒரு பரங்கிக்காய்க்கும் நடுவில் அதை ஏலம் விட்டார்கள்.

ஆயர் மைக்கில், "நம் சபையின் மகள் டெபோரா கண்டுபிடித்த கருவி" என்றார். கண்டுபிடிக்கவில்லை, கழுத்தைத்தான் மாற்றினேன் என்று எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்க நன்றாக இருந்தது. "கை சுடுமாம்மா?" என்று ஆயர் கேட்டார். "பிடி சுடாது ஐயா" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

ஞானையா அங்கிள் விடவே இல்லை. யார் விலை கேட்டாலும் மேலே மேலே ஏற்றிக் கேட்டு அவரே எடுத்தார். தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் சபை மூப்பர். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் கோவில் முழுக்கத் தொங்கும் நட்சத்திரங்கள் அவர் கைவேலைதான். காகிதம் வெட்டி, உள்ளே குட்டி விளக்குகளை ஒயரோடு ஈயம் வைத்துப் பற்றவைத்து, வீட்டிலேயே செய்வார். "இந்த வருஷ ஸ்டார் எல்லாம் நம்ம பாப்பா செஞ்ச ராடுலதான்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் காட்டினார். அவர் மனைவி சாராள் ஆண்ட்டி, "புள்ளைக்கு பொம்மை கிடைச்ச மாதிரி பண்றாரு பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப நாளாகிறது.

3-11-2024, ஞாயிறு

அங்கிள் கோவிலுக்கு வரவில்லை. நட்சத்திர வேலை மும்முரம் போலிருக்கிறது.

10-11-2024, ஞாயிறு

வந்தார். வலது கையைப் பைபிள் பைக்குள் விட்டபடியே நின்றார். நான் கிட்டே போனதும் இன்னும் உள்ளே தள்ளினார். "என்னாச்சு அங்கிள்?" "ஒண்ணுமில்லம்மா, சும்மா கீறல்."

ஆண்ட்டிதான் பின்னால் வந்து சொன்னார். சுட்டுவிரலும் நடுவிரலும் வெந்துபோயிருக்கிறதாம். அவருக்குச் சர்க்கரை. விரல் நுனிகள் மரத்துப்போய்ப் பல வருஷம். பற்றவைத்துக்கொண்டே இருந்திருக்கிறார், தோல் கருகுகிற வாடை வந்த பிறகுதான் பார்த்திருக்கிறார்.

முனையைத் தொட்டிருப்பார். வயசானவர். முனையாகத்தான் இருக்கும்.

11-11-2024, திங்கள்

முனை இல்லை.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அதே மாடலை ஸ்டாண்டில் போட்டு, சும்மா எரியவிட்டு, எதிரில் உட்கார்ந்திருந்தேன். கொண்டுபோன தயிர்சாதத்தைத் திறக்கக்கூட இல்லை. கடைசியில் பிடியைப் பிடித்தேன். கழுத்துக்குக் கீழே, விரல் உட்காருகிற இடத்தில் - ஐயோ. கீழே போட்டுவிட்டேன். எனக்கு உணர்ச்சி இருக்கிறது, போட்டுவிட்டேன்.

இப்போது எல்லாம் புரிகிறது. எங்கள் பட்டறையில் ஒருவரும் அயர்னைச் சும்மா எரியவிடுவதில்லை. விட்டால் சூப்பர்வைசர் கதிரேசன் கத்துவார். சோதனை என்றால் ஒரு பலகை நிறைய ஒயர்களை மூச்சு விடாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றவைப்போம், முடிந்ததும் ஸ்விட்சை அணைப்போம். ஒவ்வொரு முறை ஈயம் உருகும்போதும் அது கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. பிடி சில்லென்றுதான் இருக்கும். வீட்டில் வேலை செய்பவர் அப்படியா செய்வார்? அயர்ன் எரிந்துகொண்டே இருக்கும், இவர் உட்கார்ந்து காகிதம் வெட்டுவார், பசை தடவுவார், காபி குடிப்பார். போக வழியில்லாத சூடு கழுத்து வழியாகப் பின்னால் இறங்கிவரும். அதைத் தடுக்கத்தான் அந்த ஓட்டைகள். காற்று போய்வர. கை முன்னால் போகாமல் இருக்க அந்த வளையம்.

அசிங்கமாக இருக்கிறது என்று எடுத்தேனே. யாரு அசிங்கம் இப்ப?

கதிரேசன் சாப்பிட்டுத் திரும்பினார். "இன்னா மேடம் இது, யாரு போட்டு வச்சிகினு போனது? கரண்ட் பில்லு அவங்க மாமனாரா கட்டுவாரு?" என்று ஸ்விட்சை அணைத்தார். நான்தான் என்று சொல்லவில்லை.

13-11-2024, புதன்

முடிச்சூரில் அங்கிள் வீட்டுக்குப் போனேன். பழம் வாங்கிக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி.

கட்டு பெரிதாக இருந்தது. புண் ஆறவில்லை, டாக்டர் முகத்தைச் சுளிக்கிறார் என்றார் ஆண்ட்டி. அங்கிள் அவரை அடக்கினார். "அவகிட்ட ஏன் அதெல்லாம் சொல்ற? உன் சாமான்ல ஒரு குறையும் இல்லம்மா. என் கைதான் செத்த கை. சூடு தெரியல. முன்னல்லாம் இப்படியா இருந்தேன்? வயசாயிடுச்சு, அவ்வளவுதான். இந்த வேலைக்கு நான் இனிமே லாயக்கில்ல."

ஈயச்சுருள், கத்தரி, ஒயர் எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டி வைத்திருந்தார், வாலிபர் சங்கத்துக்குக் கொடுத்துவிடப் போகிறாராம். முகம் சின்னதாகிப்போயிருந்தது.

அந்த நேரம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தானே போனேன்? வாய் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா? "கொஞ்சம் கவனமா இருக்கணும் அங்கிள்." நான் சொன்னேன். அவரிடம். அவர் திட்டு வாங்கிய பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

ஆண்ட்டி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, அதை நன்றாக இருக்கிறது என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

14-11-2024, வியாழன்

வேறு யாராவது என்றால் கையை உதறியிருப்பார்கள், அவருக்குச் சர்க்கரை என்பதால்தான் - இதையே காலையிலிருந்து ரயிலில், குளியலறையில், அடுப்படியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சர்க்கரை அவருடையது. சூடு யாருடையது டெபோரா?

20-11-2024, புதன்

ஆண்ட்டி போன் செய்தார். சுட்டுவிரல் நுனியை எடுத்துவிட்டார்கள். விட்டால் புண் மேலே ஏறும் என்றார்களாம். "நல்லா இருக்காரு, நீ கவலைப்படாத. உனக்கு வேலை ஜாஸ்தி" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

பிரிட்டோவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவன் எழுந்துபோய் டிவியை அணைத்தான். பிறகு, "அந்த மாடல் கடைக்குப் போயிடுச்சா?" என்று மட்டும் கேட்டான். இன்னும் இல்லை. வெள்ளிக்கிழமை மீட்டிங்.

22-11-2024, வெள்ளி

மீட்டிங்கில் சத்யநாராயணன் சார் - எங்கள் முதலாளி - என்னைப் பார்த்து, "என்ன டெபோரா, புரொடக்‌ஷன் ஆரம்பிச்சுடலாமா? டிசைன்ல ஏதாவது பாக்கி இருக்கா?" என்றார்.

"இல்ல சார்" என்றேன்.

எழுதிவிட்டேன். இல்ல சார் என்றேன். முந்தாநாள் ஒரு மனிதருக்கு விரல் போயிருக்கிறது, நான் இல்ல சார் என்றேன்.

மாலை ரயிலில் கூடுவாஞ்சேரி வரைக்கும்தான் வர முடிந்தது. இறங்கிவிட்டேன். வீரம் ஒன்றும் இல்லை, பிரிட்டோ முகத்தில் எப்படி விழிப்பேன்? பிளாட்பாரத்துக் குழாயில் முகம் கழுவிவிட்டு, எதிர்ப்பக்கம் வந்த செங்கல்பட்டு வண்டியில் ஏறிக் கம்பெனிக்கே திரும்பிப் போனேன். சார் காரில் ஏறிக்கொண்டிருந்தார். "சார், அது கையைச் சுடும்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே வந்து தானே ஸ்விட்சைப் போட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான் நின்றேன். அங்கிளைப் பற்றிச் சொன்னேன். சூடு ஏறும் வரை காத்திருந்தோம். பிறகு புறங்கையால் பிடியைத் தொட்டார், உடனே எடுத்தார்.

"காலைல ஏம்மா சொல்லல?"

"பயம் சார்."

"எனக்கா பயந்த?"

இல்லை. கை தட்டினார்களே, அதற்கு.

மாடலை நிறுத்திவிட்டார். டிசைனை ஹரிபிரசாத்திடம் கொடுக்கச் சொன்னார். அங்கிளின் ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பார்க்கும் என்றார். "நீங்க ஒரு வருஷம் சர்வீஸ்ல உக்காருங்க. கஸ்டமர் போன் வரும், எடுங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க." என் ஜூனியர் கையில் என் வேலை. சரிதான். நியாயம்தான். ஆனாலும் வலிக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

24-11-2024, ஞாயிறு

கோவில் முடிந்து நேராக முடிச்சூர். பிரிட்டோ வருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன்.

சொன்னேன். ஓட்டை, வளையம், சும்மா எரியவிடாமல் சோதித்தது எல்லாம். தப்பு உங்கள் கையில் இல்லை அங்கிள், என் கழுத்தில்தான் என்றேன். அவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முதலில் முகம் தெளிந்தது. "அப்ப என் கை அவ்வளவு மோசமில்லயா?" என்று ஆண்ட்டியைப் பார்த்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது, மன்னித்துவிடுவார் என்று. எவ்வளவு சீக்கிரம் ஆசை வருகிறது பார்.

பிறகு கேட்டார். "இது உனக்கு எப்போ தெரியும்?"

"பதினோராம் தேதி, அங்கிள்."

"நீ பழம் வாங்கிட்டு வந்த அன்னைக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுகிட்டேதான் இந்த நாற்காலில உக்காந்து என்னை கவனமா இருக்கச் சொன்னியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"விரல் போச்சு, சரி. யாரு கையாலயும் தப்பு வரும். ஆனா நான் இங்க ராத்திரி பகலா, ஒண்ணுத்துக்கும் ஆகாதவனாயிட்டேனேன்னு இவகிட்ட அழுதுட்டிருந்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. ஒரே வார்த்தை." குரல் உயரவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை, அதனால் இது கோபம் என்று புரியவே கொஞ்சம் நேரமாயிற்று. "நீ கிளம்பும்மா" என்றார்.

ஆண்ட்டி வாசல் வரை வரவில்லை.

8-12-2024, ஞாயிறு

கோவிலில் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் நட்சத்திரங்கள். அங்கிள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காதது மாதிரி நடிக்கவும் இல்லை. அவருக்கு நான் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

19-12-2024, வியாழன்

சர்வீஸில் இன்றைய போன்: குரோம்பேட்டையிலிருந்து ஓர் அம்மா, கங்கையம்மாள். வீட்டிலேயே சீரியல் லைட் கட்டுகிறவர். எங்கள் பழைய மாடலின் ஒயர் அடிக்கடி முறுக்கிக்கொண்டு பல்பு வைத்த தட்டை இழுத்துத் தள்ளுகிறதாம். "எனக்குதாம்மா புடிக்கத் தெரில போல கீது" என்றார். "இல்லம்மா, ஒயர் சரியில்ல. எங்க தப்பு" என்றேன். "மெய்யாலுமா?" என்று கேட்டார்.

எத்தனை பேர் இப்படித் தங்களையே திட்டிக்கொண்டு போனை வைத்திருப்பார்கள்?

ஹரியின் புதுக் கழுத்தில் ஓட்டையும் இருக்கிறது, வளையமும் இருக்கிறது. அப்படியொன்றும் அசிங்கமாக இல்லை. நாள் முழுக்கச் சும்மா எரியவிட்டுச் சோதிக்கிறார்கள். கதிரேசன் அதைத் தாண்டும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிறார்.

5-1-2025, ஞாயிறு

நற்கருணை ஆராதனை. இன்று வேண்டுமென்றே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தேன். சமாதானம் வழங்கும் நேரத்தில் ஆயர் மூப்பர்களின் கைகளைப் பிடித்து, "சமாதானம்" என்று சொல்லிக் கொடுப்பார், மூப்பர்கள் நடைபாதை வழியாக வந்து ஒவ்வொரு வரிசையிலும் ஓரத்தில் இருப்பவரிடம் கொடுப்பார்கள், அவர் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். பெண்கள் பக்கத்துக்கு ஞானையா அங்கிள்தான் வருவார். அவர் தாண்டிப் போக முடியாத இடத்தில் போய் உட்கார்ந்தது ஒருவகை வழிப்பறிதான், தெரியும்.

வந்தார். என் வரிசையில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பின்னால் வந்த மூப்பர் அவர் முதுகில் இடித்துக்கொள்ளப் பார்த்தார். நான் தலையைத் தூக்கவில்லை, இரண்டு கையை மட்டும் நீட்டி வைத்திருந்தேன்.

பிறகு அவர் கைகள் வந்தன. ஐந்து விரலில் ஒன்று என் கையில் நுனி வராமலேயே முடிந்துபோனது. "சமாதானம்" என்றார், எல்லாருக்கும் சொல்கிற அதே குரலில். எனக்குக் கொடுத்தாரா, ஓரத்து இருக்கைக்குக் கொடுத்தாரா, தெரியவில்லை. கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை. அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

என் பக்கத்தில் இருந்த அம்மா இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டிக் காத்திருந்தார்.