முறத்தின் மேல் ஒரு கீபோர்டு

இன்று காலை உன் கீபோர்டுக்கு செல் மாற்றினேன். பழையதை நிமிண்டி எடுத்துவிட்டுப் புதுசைப் போட்டு மூடியை அழுத்தியதும், ஓரத்தில் அந்தச் சின்னப் பச்சை விளக்கு ஒரு தரம் மினுங்கி அடங்கியது. அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்த நான் சும்மா ஒரு எழுத்தை அழுத்திப் பார்த்தேன். கூடத்து மேசையில், ஸ்டாண்டின் மேல் தூங்கிக்கொண்டிருந்த லேப்டாப் விழித்துக்கொண்டது. வயர் இல்லை, ஒன்றும் இல்லை. இங்கே விரல், அங்கே எழுத்து. எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. நான் வெல்டிங் பட்டறைக்காரன். இரும்பை இரும்போடு ஒட்டவைத்துப் பிழைப்பவன். ஒட்டாமலேயே ஒன்று இன்னொன்றுக்குச் சேதி சொல்லும் என்பதை என் புத்தி லேசில் ஒப்புக்கொள்ளாது.

இப்போது அந்த மேசையில் நான்தான் உட்காருகிறேன். பட்டறைக்கு வருகிறவர்களுக்கு கேட் டிசைன், கிரில் டிசைன் எல்லாம் காட்ட வேண்டியிருக்கிறது. ஒற்றை விரலை வைத்துக்கொண்டு குனிந்து எழுத்தைத் தேடுவேன், நிமிர்ந்து திரையைப் பார்ப்பேன், மறுபடி குனிவேன். "கோளி தண்ணி குடிக்கிற மாதிரி இருக்குதுங்க" என்று நீ சிரிப்பாய். நீ குனியவே மாட்டாய். குனியத்தான் முடியாதே உன்னால்.

அதை முதன்முதலில் ஊருக்கு அறிவித்தது என் அம்மாதான். உன்னைப் பெண் பார்த்துவிட்டு வந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, நீ காபித் தட்டோடு வந்து நின்ற விதத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். "பொண்ணு தல குனியவே இல்லியேடா. வந்தவங்கள ஒவ்வொருத்தரா மூஞ்சிக்கு நேரா பாக்குது. தலக்கனம் புடிச்சதுடா அது." தோட்டத்துப் பக்கம் நம்மைக் கொஞ்ச நேரம் பேசவிட்டார்களே, அப்போது நீ சொன்னதிலேயே நின்றிருந்தது என் மனசு. "எனக்கு கழுத்து குனியாதுங்க. முதுகெலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினே போற நோவு. இன்னும் போவப் போவ ஜாஸ்தியாவும்னு டாக்டர் சொல்லிட்டாரு. பின்னால தெரிஞ்சி டென்ஷன் ஆவாதீங்க." இதைச் சொல்லும்போது என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாய். பெண் பார்க்கப் போன இடத்தில் என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. வேட்டி நுனியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தாலி கட்டும்போதும் அதே கதைதான். மற்றப் பெண்கள் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருப்பார்கள், மாப்பிள்ளை நிம்மதியாக முடிச்சுப் போடுவான். நீ நேராக உட்கார்ந்து என்னையே பார்க்க, எனக்கு முதல் முடிச்சே நழுவிவிட்டது. "அவசரம் இல்லீங்க, மெதுவா போடுங்க" என்று உதடு அசையாமல் சொன்னாய். மேளச் சத்தத்தில் அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

அந்த வேலை உன்னைத் தேடி வந்தது பிறகுதான். காது கேளாத பிள்ளைகளுக்கு, அரசுத் தேர்வு எழுதுவதற்காக, சென்னையிலிருந்து ஒரு அமைப்பு லேப்டாப் வழியாகவே வகுப்பு நடத்தியது. ஆசிரியர் பேசப் பேச, அவர் சொல்வதைத் தமிழில் தட்டிக்கொண்டே வர ஒரு ஆள் வேண்டும். அந்த எழுத்து திரையின் அடியில் ஓடும், பிள்ளைகள் அதைப் படித்துப் பாடம் கேட்பார்கள். பஜாரில் இருந்த இன்ஸ்டிடியூட்டில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள் நீ. வேலை உனக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது. ஆனால் லேப்டாப் என்பது குனிகிறவர்களுக்காகச் செய்த சாமான். மேசையில் வைத்துத் திறந்தால், உன் கண்ணுக்கு எதிர்ச்சுவர்தான் தெரிந்தது.

முதலில் அடியில் செங்கல் அடுக்கினோம். பிறகு அரிசி டின்னைக் கவிழ்த்து வைத்தோம். டின் மேல் ஏறிய லேப்டாப் உன் கண்ணுக்கு எட்டியது, கைக்கு எட்டாமல் போனது. கையைத் தூக்கித் தூக்கித் தட்டி, சாயங்காலத்துக்குள் தோள்பட்டை வீங்கிவிட்டது. அப்புறம்தான் வயர் இல்லாத கீபோர்டு வாங்கி வந்தேன். அதை மடியில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போயிற்று. நீ ஒரு நிமிஷம் யோசித்தாய். "அந்த மொறத்த எடுங்க" என்றாய். மூன்று பக்கம் விளிம்பு இருக்கிற முறத்தில் கீபோர்டு அசையாமல் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து அம்மா அரிசி புடைக்க முறத்தைத் தேடினால் அது வகுப்பில் இருக்கும்.

ஸ்டாண்டு மட்டும் என் கைவேலை. பனமலையில் ஒரு வீட்டுக்குச் செய்த ஜன்னல் கிரில்லில் மிச்சமான கம்பி, நடுவில் பூப்போட்டது. முதலில் செய்ததை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, ராஜா கோட்ட மேல வெச்சிட்டீங்களா? அண்ணாந்து பாக்கவும் என்னால முடியாதே" என்றாய். உன்னை நாற்காலியில் உட்காரவைத்து, உன் கண் மட்டத்துக்குச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, காலை அறுத்து மறுபடி ஒட்டினேன். கடையில் விற்கிற ஸ்டாண்டை ஒரு கையில் தூக்கிவிடலாம் போலிருக்கிறது. இதை நகர்த்த ரெண்டு ஆள் வேண்டும். ஆனால் அன்றைக்கு நீ அதன் முன்னால் உட்கார்ந்து, கண்ணுக்கு நேரே திரையைப் பார்த்ததும், "ஆங், இப்ப சரி" என்று சொன்ன விதம் இருக்கிறதே, நான் செய்த எந்தக் கேட்டுக்கும் யாரும் அப்படி ஒரு பாராட்டுச் சொன்னதில்லை.

நீ தட்டுவதைப் பார்ப்பதே எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. முதுகு கம்பி மாதிரி நிமிர்ந்திருக்கும். கண் திரையை விட்டு அகலாது. கீழே மடியில், முறத்துக்குள், கை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். என் தொழிலில் கண் ஒரு நூல் அளவு விலகினால் ஒட்டு கோணிவிடும். நீ உன் கையைப் பார்த்ததே இல்லை. அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று இருந்தது. நம் வீட்டில் யாருக்கும் ழகரம் வராது. நமக்கு மழை மளைதான், வாழைப்பழம் வாளப்பளம்தான். உன் வாயிலும் அப்படித்தான். ஆனால் உன் நாக்குக்கு வராத ழகரம் உன் விரலுக்கு வந்தது. வாயால் "மள வருது, துணிய எடுங்க" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே, விரலால் 'மழை' என்று தட்டுவாய். நான் வாய் பிளந்து நின்றிருக்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் சென்னையிலிருந்து போன் வந்தது. இனிமேல் கம்ப்யூட்டரே பேச்சைக் கேட்டு எழுதிவிடும், ஆள் தேவைப்படாது போலிருக்கிறது என்றார்கள். ஒரே ஒரு வகுப்பு, திரையில் மேல் வரி மெஷினுடையது, கீழ் வரி உன்னுடையது. ரெண்டையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார்கள். அன்று நீ சாப்பிடவில்லை. "கூட்டிப் பெருக்க முடியாது, தண்ணி தூக்க முடியாது, ஒரு தட்டு கழுவறதுன்னாலும் உங்கம்மா வரணும். இந்த ஒண்ணுலதாங்க நான் ஆளா இருக்கறேன். இதுவும் போயிடுச்சின்னா நான் இன்னா, இந்த வூட்டுல ஒரு நாற்காலியா?" என்றாய். மறுநாள் பட்டறையைப் பூட்டி வைத்தேன். "எங்கயும் போவாதீங்க" என்று நீ சொன்னதால் லேப்டாப்புக்குப் பின்னால், உன் முகத்துக்கு எதிரே நின்றுகொண்டேன். உன் கையைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.

அன்றைக்குப் புவியியல். பாடம் எடுத்தவர் நம் பக்கத்துக்காரர் என்பது அவர் வாயைத் திறந்ததுமே தெரிந்தது. சென்னைக்குப் போயும் மனுஷன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. "மல மேல மள பேஞ்சா தண்ணி எங்க போவும்? கிளக்கால எறங்கி ஏரிக்கு வரும்" என்று ஆரம்பித்தார். நான் சுற்றி வந்து திரையை எட்டிப் பார்த்தேன். மேல் வரியில், 'மலை மேல் மலை பெய்தால்' என்று இருந்தது. கிழக்கு, மரத்தின் கிளைக்குப் போய்விட்டது. கீழ் வரியில், ஒரு பிசிறு இல்லாமல், 'மலை மேல் மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்? கிழக்குப் பக்கமாக இறங்கி ஏரிக்கு வரும்.' பிள்ளைகளில் ஒன்று திரையின் ஓரத்தில் கேள்வி எழுதிப் போட்டது: 'சார், மலை மேல் மலை எப்படி சார் பெய்யும்? நசுங்கிட மாட்டோமா?'

ஆசிரியர் அதைப் படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாமல், மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மெஷின் வரி அப்படியே நின்றுவிட்டது. பேச்சு இல்லையே, அதுக்கு எழுத என்ன இருக்கிறது. உன் கை நிற்கவில்லை. '(ஆசிரியர் சிரிக்கிறார். மேசையைத் தட்டிச் சிரிக்கிறார்.)' என்று கீழே ஓடியது. கொஞ்சம் விட்டு, '(இன்னும் சிரிக்கிறார்.)' அதற்குப் பிறகுதான் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சிரிக்கத் தொடங்கின. ஒரு சிரிப்புச் சத்தத்தை நீ மடியில் வாங்கி, எங்கெங்கோ இருக்கிற வீடுகளில், காதே கேளாத பிள்ளைகள் மத்தியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாய். நான் உன்னை அன்றைக்குப் பார்த்த மாதிரி சாமியைக்கூடப் பார்த்ததில்லை. மிகையாகச் சொல்லவில்லை.

முடிவை அமைப்புக்காரர்கள் சொல்வதற்கு முன்பே பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். 'கீழ் வரி போதும்' என்று ஒருவர் மாற்றி ஒருவர் எழுதினார்கள். நீ அதையெல்லாம் படித்துவிட்டு, அசையாத கழுத்தோடு, கண்ணீரைத் துடைக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தாய். "இன்னாடி ஆச்சி?" என்று பதறி வந்த அம்மாவிடம் நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அவள் உன் கண்ணை முந்தானையால் துடைத்தாள். அடுத்த வாரமே பட்டறைக்கு வந்தவரிடம், "எங்க மருமவதாங்க அந்தப் புள்ளைங்களுக்கு காது" என்று பெருமை பீற்றிக்கொண்டிருந்தாள். தலைக்கனம் என்ற பேச்சையே அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

நோவு உன் கழுத்தோடு நிற்கவில்லை. நெஞ்சுக் கூடும் விரியாமல் இறுகிப்போனது. ஒரு பனிக்காலத்துச் சளி, மற்றவர்களுக்குக் கஷாயத்தில் போயிருக்கும், உன்னை விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தது. மூச்சுக்கு மாஸ்க் போட்டிருந்ததால் பேச முடியவில்லை. நர்ஸ் என்னிடம் மாத்திரை விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். போர்வை மேல் உன் விரல் அசைந்ததைத் தற்செயலாகப் பார்த்தேன். குளிரில் நடுங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். நர்ஸ் பேச்சை நிறுத்தினால் விரலும் நின்றது. அவர் பேசினால் விரலும் ஓடியது. முன்னால் திரை இல்லை, படிக்க ஆள் இல்லை. நீ பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தாய். உன் கையை நான் பிடிக்கவில்லை. பிடித்தால் வேலை கெட்டுவிடுமே என்று பக்கத்தில் என் கையைச் சும்மா வைத்துக்கொண்டேன்.

நீ போன பிறகு வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பட்டறை ஓடுகிறது, அம்மா பேசுகிறாள், டிவி ஓடுகிறது. ஆனால் உன் குரலை நாம் எதிலும் பதிந்து வைக்கவில்லை. ஊரார் பேச்சையெல்லாம் எழுதி வைத்தவளின் பேச்சு எங்கேயும் இல்லை. ராத்திரி படுத்துக்கொண்டு அதை ஞாபகப்படுத்திப் பார்ப்பேன். சில நாள் உடனே வரும். சில நாள் எவ்வளவு கூப்பிட்டாலும் வராது, அப்போது எனக்குப் பயமாக இருக்கும்.

போன மாதம் அனந்தபுரத்திலிருந்து ஒரு பெண் அவள் அம்மாவோடு வந்தாள். நீ இல்லை என்பது தெரிந்துதான் வந்தார்கள். "பொறந்ததுலேருந்து இதுக்கு காது கேக்காதுங்க. உங்க வூட்டுக்காரம்மா எழுதனத படிச்சிதான் பரீட்ச எழுதுச்சி. இப்ப வேல கெடச்சிருக்குது. அவங்க வூட்ட ஒரு தரம் பாக்கணும்னு ஒரே அடம்" என்றார் அந்த அம்மா. பெண் மேசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஸ்டாண்டின் பூவைத் தடவினாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்று தலையாட்டினாள். பிறகு போனை எடுத்து வேகமாக எதையோ தட்டி என்னிடம் நீட்டினாள்.

'எனக்கு எல்லா ஆசிரியரும் அக்காவோட எழுத்துலதான் பேசினாங்க. அக்காவோட குரல் எப்படி இருக்கும்?'

கொஞ்சம் கரகரப்பாக இருக்கும் என்று சொல்லலாம். கோபம் வந்தால் கீச்சென்று ஏறும் என்று சொல்லலாம். ஒரு சத்தத்தையும் கேட்டறியாத பிள்ளைக்கு இதெல்லாம் என்ன சொல்லும்? அவள் அம்மா எனக்காகச் சங்கடப்பட்டு, "வுடுமா, அவர தொந்தரவு பண்ணாத" என்று கையால் ஜாடை காட்டினார். பெண் கண்ணை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் போனை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினேன்.

'நீ படிக்கும்போது உனக்குள்ள எப்படி இருந்ததோ, அப்படியேதான்மா இருக்கும்.'

அவள் படித்தாள். உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, தெரியும், எனக்குத் தெரியும் என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு பஜார் வழியாகத் திரும்பி நடந்தேன். உன் குரல் இனி என் காதில் மட்டும்தான் மிச்சம், நானும் போய்விட்டால் அதுவும் போச்சு என்று இத்தனை நாள் நடுங்கிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பயம் இல்லை. காதே கேளாத ஒருத்தி அதை வைத்திருக்கிறாள்.