வெடுக்கென இழுத்த பெல்ட்

செவ்வாய்க்கிழமை.

இன்று அரசலாற்றங்கரைப் படகுத் தளத்தில் கிரேனை இயக்க மறுத்துவிட்டேன். நேற்று நிஜாம் பாயின் விசைப்படகைப் பழுதுபார்க்கக் கரையேற்றுவதற்காக, அடியில் பெல்ட் போட்டுக் கிரேனில் தூக்கும்போது அது நழுவி ஓரடி விழுந்து, அதே பெல்ட்டில் மாட்டிக் குலுங்கி நின்றது. மறுபடி ஆற்றிலேயே இறக்கிவிட்டோம். இன்று அதே பெல்ட்டில் படகைக் கரைக்கு மேலே தூக்கி நிறுத்தச் சொன்னார் தளத்து மேஸ்திரி; தொங்கும் படகுக்கு அடியில் போய்க் கட்டை வைக்க இரண்டு பேரை அனுப்புவாராம்.

"பெல்ட்டுல ஒரு நூல்கூடப் பிரியலையே. இத்தனை நாளா இதே படகத்தானே தூக்குது?" என்றார்.

"மெதுவா ஏத்துன பாரம் வேறண்ணே, விழுந்து வெடுக்குன்னு இழுத்த பாரம் வேற," என்றேன். " அந்த ஒரு நொடியில படகு பல மடங்கு கனக்கும். பெல்ட்டுக்குள்ள என்ன அறுந்துச்சுன்னு வெளியில தெரியாது."

"அப்ப நாளைலேர்ந்து வேற ஆளு ஓட்டுவான்" என்றார் மேஸ்திரி.

வேறு யாரும் அதில் தூக்கிவிடக் கூடாதென்று, நான் கத்தியை எடுத்து பெல்ட்டைக் குறுக்கே அறுத்துப் போட்டேன். பக்கத்தில் நின்றிருந்த நிஜாம் பாய், படகு வேலை தள்ளிப்போகிறதே என்று திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மேஸ்திரியிடம், "புது பெல்ட் வர்ற வரைக்கும் எம்படகு தண்ணியிலயே கெடக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்த பெல்ட் இன்றைக்குத் தாங்கியிருக்கவும் கூடும். இருந்தாலும் அறுத்ததில் எனக்கு வருத்தமில்லை. மேஸ்திரி சொன்னபடி நாளை வேறு ஆளை வைப்பாரா என்று தெரியவில்லை. நாளை ஏழு மணிக்கு வழக்கம்போலப் போய்க் கிரேன் பக்கத்தில் நிற்பேன். வேலையை விட்டுப் போகச் சொல்வதானால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.