பேச்சியக்கா பிரித்தெடுத்த தாள்

என் பேச்சியக்காவுக்கு,

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு மாட்டுங்கா வெங்கட் சார் வந்திருந்தார். ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது எட்டிப் பார்க்காத மனிதர். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே உன் படத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "அந்த ஒயரிங் ஷீட் எங்கப்பா இருக்கு?"

அப்போதுதான் பந்திக்கு இலை போட்டிருந்தோம்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். தாராவியில் நீ பழைய பேப்பர் கடை வைத்திருந்தாய். மூட்டையில் வரும் பழைய கார் ரிப்பேர் புத்தகங்களைத் தனியாக எடுத்து வைப்பாய். கார் கம்பெனிகள் மெக்கானிக்குகளுக்காக அச்சடித்த தடித்த புத்தகங்கள். வெங்கட் சார் போன்றவர்கள் அவற்றைச் சேர்க்கிறார்கள். புத்தகம் கையில் வந்ததும் நீ பின்னட்டையைத்தான் திறப்பாய். வண்டியின் மொத்த ஒயர்களையும் வரைந்த பெரிய மடிப்புத் தாள் அங்கே இருக்கவேண்டும். பெரும்பாலும் இருக்காது. மெக்கானிக்குகள் அதைக் கிழித்து கேரேஜ் சுவரில் ஒட்டிவிடுவார்கள். புத்தகம் உன் கடைக்கு வரும், தாள் சுவரிலேயே இருக்கும்.

தாள் இல்லாத புத்தகம் சாருக்கு ஆகாது. அதற்காக நீ சுவர் சுவராக அலைந்தாய். குர்லா, செம்பூர், மாஹிம். ஈரத்துணியை ஒற்றி ஒற்றித் தாளைப் பிரிப்பாய். வெறும் சுவரை மறைக்க ஒரு காலண்டரைக் கொடுத்துவிட்டு வருவாய். மாஹிமில் மீரான் பாய் கேரேஜில் நீ கடைசியாகத் தாள் பிரித்தபோது நானும் கூட இருந்தேன். காரிய வீட்டில் சார் கேட்டது அந்தத் தாளைத்தான்; தருவதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாய், அதற்குள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாய்.

"ஏ பேச்சி, கண்ணைப் பிடுங்கிட்டு மூக்குக்கண்ணாடி குடுக்கியே," என்றார் பாய்.

"உங்களுக்குத்தான் அது மனப்பாடமாச்சே பாய்."

"எனக்கு மனப்பாடம். பொறவு வாறவனுக்கு?"

நீ சிரித்தாய். கப்பல் படம் போட்ட காலண்டரை அந்த இடத்தில் மாட்டினாய்.

உன்மேலும் எனக்குக் கோபம்தான் அக்கா. சார் வந்தால் ஏன் எழுந்து நின்றாய்? ஸ்டூலை உன் முந்தானையால் ஏன் துடைத்தாய்? உன் கடையில் ஒரு நாளாவது அவர் தண்ணீர் குடித்திருக்கிறாரா? பேப்பர் தூசியில் நீ இருமினால் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். அதற்கும் நீதான் மன்னிப்புக் கேட்டாய்.

உன்னிடம் சொல்லாமல் விட்ட சேதி ஒன்று உண்டு. நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது மாட்டுங்காவில் ஒரு ஹாலில் சார் கண்காட்சி வைத்தார். நான் அந்தத் தெருவில் பார்சல் கொடுக்கப் போயிருந்தேன். என் டெலிவரி பையைப் பார்த்து வாட்ச்மேன் மறித்தான், மீறி உள்ளே போனேன். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் உன் புத்தகங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் இங்கிலீஷில் ஓர் அட்டை: தாராவிக் குப்பையிலிருந்து வெங்கட் மீட்டெடுத்தது.

குப்பையா? தினமும் நீ சாம்பிராணி போட்ட கடை அது. இதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? நீ மூச்சுக்கே திணறிக்கொண்டிருந்தாய்.

காரிய வீட்டில் அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான். "தாள் இருக்கு சார். அட்டையில எங்க அக்கா பேரைப் போடுங்க, தாரேன்."

சிரித்தார். "அதெல்லாம் போடற வழக்கம் இல்லப்பா. பேப்பர் கடைக்காரி பேரையெல்லாம் யாராவது எழுதுவாளா? நீ இன்னும் பார்சல்தானே தூக்கிண்டிருக்கே? நல்ல வேலையா பார்த்துத் தரேன். ஷீட்டை எடு."

"போடுவீங்களா, மாட்டீங்களா?"

"உங்க அக்கா இருந்தா இப்படிப் பேசுவாளா?"

பேசமாட்டாய். அது எனக்கும் தெரியும். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் ஏறியது. "இலை போட்டாச்சு. சாப்பிடுறதா இருந்தா செருப்பைக் கழத்திட்டு வாங்க. இல்லன்னா கிளம்புங்க," என்றேன்.

கிளம்பிவிட்டார். மாமாதான் கொதித்தார். "பெரிய மனுசன்ட்ட இப்படியால பேசுவ?" அங்கே பெரிய மனிதர் யார் நின்றார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மறுநாள் உன் கட்டிலடியில் சுருட்டி வைத்திருந்த அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாஹிம் போனேன். மீரான் பாய் தாளை விரித்துப் பார்த்தார். நீ கொடுத்த கப்பல் காலண்டரைக் கழற்றினார். நீ பிரித்த இடம் அப்படியே வெளுத்துக் கிடந்தது. மைதா பசை காய்ச்சி, ஆளுக்கொரு ஓரம் பிடித்து ஒட்டினோம். பழைய கிரீஸ் விரல் தடம் ஓரத்தில் இருக்கிறது. உன் ஈரத்துணி பட்டுக் கலங்கிய சிவப்புக் கோடும் இருக்கிறது. அதன் கீழே சுவரிலேயே மார்க்கரால் எழுதினேன்: தேடி எடுத்தவர் பேச்சியம்மாள், பழைய பேப்பர் கடை, தாராவி.

"சார் இங்க வந்து கேட்டா என்னல சொல்ல?" என்றார் பாய்.

"நின்னு படிச்சிட்டுப் போகச் சொல்லுங்க. முதல்ல கீழ உள்ள எழுத்தை."

பாய் சிரித்துவிட்டு, காலண்டரைப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார்.

நீ இருந்திருந்தால் என்னை அறைந்திருப்பாயா? சாருக்குக் கொடுத்த வாக்கு போச்சே என்று அழுதிருப்பாயா? இல்லை, உன் பெயரைச் சுவரில் பார்த்து அதை விரலால் தடவியிருப்பாயா?

கட்டிலடியில் இன்னும் தாள்கள் இருக்கின்றன. ஒன்றுகூட அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் போகாது. எந்தச் சுவரிலிருந்து எடுத்தாயோ அந்தச் சுவருக்கே கொண்டுபோய் ஒட்டுவேன். ஒவ்வொன்றின் கீழும் உன் பெயர் இருக்கும். மழை ஓதத்தில் அழிந்தால் திரும்ப எழுதுவேன்.

எவனுக்கும் ஸ்டூல் துடைக்காத உன் தம்பி,
சுடலை